ஸ்டென்ட் வைக்க நிழல் மட்டும் போதுமா?

வீட்டுப் பெரியவர் ஒருவர் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருக்கிறார் என்றால், பார்க்க வரும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஸ்டென்ட் வைத்தார்கள்?" என்பதுதான். எதைப் பார்த்து வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அறிவியல் படிக்கும் மாணவர்களாவது அதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அடைபட்ட இதய ரத்தக் குழாயை விரித்துத் தாங்கிப் பிடிக்கும் சிறிய உலோக வலைக்குழல்தான் ஸ்டென்ட். அதன் விட்டம் பெரும்பாலும் 2.5 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். அளவு தவறினாலோ, முழுமையாக விரியாமல் போனாலோ, அங்கே ரத்தம் உறையலாம். குழாய் மறுபடியும் அடைபடலாம்.

வழக்கமாக மருத்துவருக்கு வழிகாட்டுவது ஆஞ்சியோகிராம். குழாய்க்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். அதில் தெரிவது குழாயின் சுவர் அன்று. உள்ளே ஓடும் சாயத்தின் நிழல். ஒரு சாப்பாட்டுத் தட்டை விளக்கின்முன் பிடித்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் நிழல் வட்டமாக விழும். பக்கவாட்டில் திருப்பினால் வெறும் கோடுதான். நசுங்கிய குழாயும் இப்படியே ஒரு கோணத்தில் அகலமாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.

இந்தக் குறையைப் போக்க, குழாய்க்குள்ளேயே சென்று பார்க்கும் இரண்டு முறைகள் உள்ளன. ஐவஸ் முறை மீயொலியைப் பயன்படுத்துகிறது. ஓசிடி முறை அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. வழக்கமான ஐவஸ் படத்தைவிட ஓசிடி படம் ஏறத்தாழ பத்து மடங்கு நுட்பமானது. அப்படியானால் ஓசிடிதான் வெற்றியாளரா? அவசரப்பட வேண்டாம். ஒளி சுவருக்குள் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான் ஊடுருவும். மீயொலி அதைவிட ஆழம் செல்லும். ரத்தம் ஒளியைச் சிதறடிப்பதால், ஓசிடி எடுக்கும்போது பொதுவாகச் சாயத்தைச் செலுத்தி ரத்தத்தை விலக்க வேண்டியுள்ளது. சிறுநீரகம் பழுதடைந்தவருக்குக் கூடுதல் சாயம் நல்லதல்ல.

2023இல் வெளியான ஆய்வுகளும் இதையே உணர்த்துகின்றன. தென்கொரியாவில் 2,008 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டனர். ஓராண்டில் இதய மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை போன்றவற்றைச் சந்தித்தவர்கள் ஓசிடியில் 2.5 விழுக்காடு, ஐவஸில் 3.1 விழுக்காடு. ஓசிடி சளைத்ததல்ல என்பதே முடிவு; மேலானது என்பதன்று. அந்நாட்டிலேயே, சிக்கலான அடைப்புள்ள 1,639 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆஞ்சியோகிராமை மட்டும் நம்பிய பிரிவில் 12.3 விழுக்காட்டினர் இத்தகைய பாதிப்புகளுக்கு ஆளாயினர். உள்ளிருந்தும் பார்த்த பிரிவில் அது 7.7 விழுக்காடு.

எனவே, ஐவஸா ஓசிடியா என்று பட்டிமன்றம் நடத்துவது முக்கியமில்லை. சிக்கலான அடைப்பில் ஏதேனும் ஒன்றால் உள்ளே பார்த்தார்களா என்பதே முக்கியம். ஐரோப்பிய இதயவியல் சங்கமும் 2024 வழிகாட்டுதலில், சிக்கலான அடைப்புகளுக்கு இதை உறுதியாகப் பரிந்துரைத்துள்ளது.

எல்லாருக்கும் இது தேவையா? எளிய அடைப்புக்கு ஆஞ்சியோகிராமே போதுமானதாக இருக்கலாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் குழலுக்குச் செலவும் அதிகம். படத்தைப் படித்தறியப் பயிற்சியும் வேண்டும். ஆனால், தேவை இருந்தும் பணம் இல்லை என்பதற்காக ஒருவர் நிழலோடு திரும்புவது நியாயமாகாது. காப்புறுதியும் அரசாங்க உதவியும் ஸ்டென்டோடு நின்றுவிடாமல், அதைச் சரியாகப் பொருத்த உதவும் கருவிக்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, "எங்கள் தாத்தாவுக்கு உள்ளே பார்ப்பது அவசியமா, டாக்டர்?" என்று பணிவோடு கேளுங்கள். படித்த பிள்ளை வீட்டில் இருப்பதன் பயன் அதுதானே!