படகின் அடியில் வடிதுளை வேண்டுமா?

படகு மிதக்க வேண்டுமாயின் அதன் அடிப்பாகம் நீர் புகாததாக இருத்தல் வேண்டும். அவ்வாறிருக்க, நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டுமென்றே ஒரு துளையிட்டு அதை அடைப்பானால் மூடிவைப்பது தகுமா என்னும் கேள்வி, கண்ணாடியிழைப் படகுகள் பெருகியுள்ள கடற்கரை ஊர்களில் எழுவதுண்டு. துளையே கூடாது என்பர் ஒரு சாரார். அது இன்றியமையாதது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே வகைப் படகை மனத்திற்கொண்டு பேசாமையே இக்கருத்து வேற்றுமைக்குக் காரணமாகும்.

ஆந்திரக் கடற்கரையில் தெப்பா எனப்படும் கட்டுமரத்திற்கு இக்கேள்வி எழுவதில்லை. மேலே ஏறிய நீர் மரங்களின் இடுக்குகள் வழியே தானாகவே வடிந்துவிடும். மரத்தின் மிதப்பே அதைத் தாங்கும். உட்குழிவுள்ள படகின் நிலை வேறு. அலைத் தெறிப்பும், வலையிலிருந்து சொட்டும் நீரும், மழையும் அதன் அடிக்குழியில் தேங்குகின்றன. 10 சதுர மீட்டர் திறந்த பரப்புள்ள படகின்மேல் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் உள்ளே சேரும் நீர் 1,000 லிட்டர். அதன் எடை ஒரு டன். இச்சுமையுடன் படகை மணலில் நகர்த்துவது அரிது. கடலிலோ அந்நீர் படகு சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து, அதை மேலும் சாய்க்கும்.

துளையை எதிர்ப்போரின் அச்சம் ஆதாரமற்றதன்று. நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை திறந்திருந்தால், டாரிசெல்லியின் விதிப்படி கணக்கிடுமிடத்து, நிமிடத்திற்குச் சுமார் 70 லிட்டர் நீர் உட்புகும். 10 லிட்டர் வாளியால் நிமிடத்திற்கு ஏழு முறை ஓய்வின்றி இறைத்தால்தான் அதற்கு ஈடுகொடுக்க இயலும். துளையின் விட்டம் இரு மடங்கானால் நீரின் அளவு நான்கு மடங்காகும். அடைப்பானை மறந்து கடலில் இறங்குவது எத்துணை அபாயம் என்பதற்கு இக்கணக்கே போதும்.

மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. மிதக்கும் படகில் அடைப்பானைக் கழற்றினால் உள்ளே தேங்கிய நீர் வெளியேறும் எனச் சிலர் கருதுகின்றனர். இதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே சோதித்துக் காட்டலாம். தகர டப்பா ஒன்றின் அடியில் ஆணியால் துளையிட்டு மெழுகால் அடைத்து, சில கூழாங்கற்களும் சிறிது நீரும் இட்டுத் தொட்டியில் மிதக்கவிடவேண்டும். மெழுகை நீக்கினால் உள்நீர் வெளியேறாது. வெளிநீரே உட்புகுந்து டப்பா மூழ்கும். வெளிநீர்மட்டம் உயர்ந்திருப்பதால் அங்கே அழுத்தம் மிகுதி. டப்பாவைத் தூக்கி வெளியே பிடித்தாலோ நீர் முழுதும் வடிந்துவிடும்.

முடிவும் இச்சோதனையிலேயே அடங்கியுள்ளது. வடிதுளை, கரையில் நிற்கும் படகுக்கு உரியது. நாள்தோறும் மணலில் ஏற்றப்படும் படகுக்கும், வண்டியில் கொண்டுசெல்லப்படும் படகுக்கும் அது தேவை. துளை படகின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருந்தால்தான் நீர் முழுதும் வடியும்; அவ்விடம் மிதக்கும்போது நீர்மட்டத்துக்குக் கீழே அமைவது தவிர்க்க இயலாதது. ஆனால் துறைமுகத்திலோ கழியிலோ எப்போதும் மிதந்து நிற்கும் படகுக்கு அத்துளையால் பயனில்லை. அபாயம் மட்டுமே உண்டு. அதற்கு வேண்டியது நல்ல இறைப்பானும், மழைக்கு ஒரு மூடுதிரையும் ஆகும்.

துளை வைப்பதாயின் சில நிபந்தனைகள் உண்டு. மணற்சரிவில் படகு எப்பக்கம் தாழ்ந்து நிற்குமோ அப்பக்கத்தில் அது அமையவேண்டும். ஒட்டுப்பலகைப் படகில் துளையின் விளிம்பைப் பிசினால் முற்றிலும் பூசாவிடின், நீர் பலகையின் அடுக்குகளுள் ஊறி அதை உளுத்துப்போகச் செய்யும். சாதாரணப் பித்தளை உப்புநீரில் துத்தநாகத்தை இழந்து நொய்ந்துவிடுமாதலால், வெண்கலமோ தரமான பிளாஸ்டிக்கோ ஏற்றது. மரையுள்ள அடைப்பானே நம்பத்தக்கது. துணிச்சுருள் அதற்கு ஈடாகாது. அடைப்பானைக் கயிற்றால் படகுடன் பிணைப்பதும், துளைக்குப் பொருந்தும் மென்மரக் கூம்பு ஒன்றைப் படகில் வைத்திருப்பதும் அவசியம். எஞ்சின் எண்ணெய் கலந்த நீரை மணலில் வடியவிடலாகாது. அதைத் தனியே முகந்தெடுத்தல் வேண்டும்.

ஆகவே, கள ஊழியர் ஒருவர் புதிய படகைப் பற்றி ஆலோசனை கூறுமுன் அதன் நீளத்தையும் விலையையும் மட்டும் கேட்டறிந்தால் போதாது. இரவில் அது எங்கே நிறுத்தப்படுகிறது என்பதையும் கேட்டறியவேண்டும். மணலில் என்றால், கடலில் இறங்குமுன் அடைப்பானைக் கையால் தொட்டுப் பார்க்கும் கடமையை ஒருவரிடம் ஒப்படைக்குமாறு படகோட்டிகளுக்கு அறிவுறுத்துதல் வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்ட வேலையை எவரும் செய்யாது போவதுண்டு.