வாசல் அரளிக்கு ஓர் இடம்

வண்டலூர் தாண்டி செங்கல்பட்டுப் பக்கம் காரில் போகும்போது சாலையின் நடுத்திட்டைப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் ரோஸ், வெள்ளை, சிவப்பு என்று பூத்து நிற்பது அரளி. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைக்கும். தண்ணீர் அதிகம் கேட்காது. மாடும் ஆடும் வாய் வைக்காது. ஏன் வாய் வைக்காது என்பதுதான் விஷயம்.

அரளியின் இலை, பூ, தண்டு, வேர், பால் எல்லாமே நஞ்சு. 'ஒலியாண்ட்ரின்' என்ற பொருள் நேராக இதயத் துடிப்பைக் குலைக்கும். கேரளத்தில் ஓர் இளம்பெண் இறந்தபோது, போனில் பேசிக்கொண்டே அரளியை மென்றதுதான் காரணம் என்று சந்தேகம் எழுந்தது. 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்க்கத் தடை போட்டன. பூஜைக்குத் தடையில்லை. நம் வீட்டுக்கும் அதுவே சரி: சாமிக்குச் சாத்துங்கள், பொங்கல், பாயசத்தின் மேல் தூவாதீர்கள்.

அதற்காக வெட்டி எறிய வேண்டாம். நம் பகுதியில் கோடையில் போர்வெல் கையை விரித்தாலும் வாடாமல், வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் பூச்செடி எத்தனை இருக்கிறது? மணம் வேண்டுமென்றால் பழைய ஒற்றை அடுக்கு ரோஸ் அரளியைக் கேட்டு வாங்குங்கள். புதிய குட்டை ரகங்கள் பலவற்றில் பூ நிறையவே இருக்கும், வாசனைதான் இருக்காது.

பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பால் காய்ந்ததும் ஆவணியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். நல்ல வெயில் வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கும் இடத்தில் மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி நடுங்கள். முதல் வருஷம் மட்டும் வாரம் இரண்டு முறை தண்ணீர். பூத்து ஓய்ந்த கிளைகளைக் கத்தரித்தால் புதுத் துளிரில் மறுபடி மொட்டு வரும். இளந்தளிரில் மஞ்சள் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே போதும். இலைக்கடியில் வெள்ளி போல மின்னும் கூட்டுப்புழு தொங்கினால் தொடாதீர்கள், பட்டாம்பூச்சி வரப்போகிறது!

கத்தரிக்கும்போது கையுறை போடுங்கள். வெட்டியதை எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். தவழும் குழந்தையோ நாய்க்குட்டியோ இருக்கும் வீட்டில் காம்பவுண்டுக்கு உள்ளே வேண்டாம்.  யாராவது மென்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். ஒரு கொத்து இலையை ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், டாக்டரிடம் காட்ட உதவும்.