தீர்ப்பின் கடைசிப் பத்தி

காப்பியும் மிளகும் விளையும் திண்டுக்கல் மாவட்டத்துப் பெரும்பாறையில், காய்களத்து ஓரமாக ஒரு கொட்டகை இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதற்குள் ரசாயனம் காய்ச்சிப் போதை மாத்திரை செய்த ஒருவர் பிடிபடுகிறார். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, தயாரித்ததற்கு 22-ஆம் பிரிவு, மூலப்பொருள் வைத்திருந்ததற்கு 25ஏ, கூட்டாளியோடு சேர்ந்து சதி செய்ததற்கு 29. கொட்டகை ஒன்றுதான், தண்டனை மூன்று. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்தாண்டு என்றால், அவர் உள்ளே கழிக்கப்போவது எத்தனை ஆண்டு?

விடை தீர்ப்பின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. ‘ஏக காலத்தில்’ என்று எழுதியிருந்தால் மூன்றும் சேர்ந்தே ஓடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில், நீதிபதி அப்படிச் சொல்லாமல் விட்டால் ஒன்று முடிந்துதான் அடுத்தது. பேனா மறந்ததற்குக் கைதி ஆண்டுக்கணக்கில் விலை கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு, குற்றத்தின் கடுமையைப் பார்த்து எந்த முறை என்று நீதிமன்றமே உத்தரவிட வேண்டும் என்கிறது. பெயர்தான் வாயில் நுழையவில்லை, திருத்தம் நல்லது.

திண்டுக்கல் மாவட்டத்துக்காரர் மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும். சோதனை போட்ட விதம், மாதிரி எடுத்த முறை என்று வாதாடி விடுதலை கேட்பது வழக்கம். கேட்கட்டும். அது தோற்றாலும் மிச்சமிருக்கும் வாதம் இந்தக் கணக்குதான். ஒரே நிகழ்விலிருந்து பிறந்த குற்றங்களுக்குத் தண்டனையை ஏக காலத்தில் ஓடவிடுவதே பொதுவாகப் பொருந்தும் என்று ஒரு தங்கக் கடத்தல் வழக்கில் 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இது எல்லோருக்கும் கைகொடுக்காது. ஹெராயின் வழக்குகளில் அமிர்தசரஸில் 12 ஆண்டும் டெல்லியில் 15 ஆண்டும் பெற்றவர், இரண்டையும் ஒன்றாக்கக் கேட்டார். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வேறு வேறு சரக்கு, வேறு வேறு வழக்கு. மறுத்ததில் எனக்குக் குறையில்லை. மறு ஆண்டு டிசம்பரில் அதே நீதிமன்றம், மின்வாரியக் கருவிகளைத் திருடிய ஒருவருக்கு ஒன்பது வழக்கில் இரண்டிரண்டு ஆண்டாகச் சேர்ந்திருந்த 18 ஆண்டை ஏக காலமாக்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கொட்டகையை மூன்றாக வெட்டி எண்ணுவதை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை. போதை மீதுள்ள கோபம் 10 ஆண்டிலேயே இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 32ஏ பிரிவு தண்டனைக் குறைப்பையும் அடைத்துவிட்டது.

ஏக காலம் கிடைத்தாலும் அபராதம் விடாது. வணிக அளவு சரக்கென்றால் 22-இலும் 29-இலும் குறைந்தது லட்ச ரூபாய். கட்டாவிட்டால் அதற்கான சிறை ஏக காலத்தில் ஓடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. சரக்குக்கு முதல் போட்டவர் கட்டிவிட்டுப் போய்விடுவார். கொட்டகையில் அடுப்பெரித்த கூலிக்காரர் அந்த மாதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக்கொண்டிருப்பார்.