பொத்தானை அமுக்குவது வைத்தியமா?

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை மணி 9-39. கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காக்கும் தொழில் செய்யும் 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற அமெரிக்கக் கம்பெனி, உலகெங்கும் உள்ள தன் வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு சிறு பைலை அனுப்பி வைத்தது. தவறு தெரிந்து, 78 நிமிஷங்களில் அதைத் திரும்பப் பெற்றும் கொண்டது. ஆனால் அதற்குள் அனர்த்தம் நடந்துவிட்டது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் படுத்துவிட்டன. பல நாடுகளில் விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் திணறின. இந்தியாவில் சில பிரயாணிகளுக்குப் போர்டிங் பாஸ் கையாலேயே எழுதிக் கொடுக்கப்பட்டது!

காரணம் என்ன? 20 விவரங்களே இருந்த இடத்தில் 21-வது விவரத்தைத் தேடிப் போனது அந்தக் காவல் புரோகிராம். வாசலில் நின்ற காவற்காரனே தடுக்கி விழுந்து வழியை அடைத்துக்கொண்ட கதைதான்.

ஒரே வீட்டில் பல குடித்தனம்

அன்று படுத்தவை மேஜை மேல் இருந்த யந்திரங்கள் மட்டுமல்ல. விர்ச்சுவல் சர்வர்களும் உண்டு. விர்ச்சுவல் சர்வர் என்றால் என்ன? ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு வாடகைக்கு விடுவதில்லையா? அதைப் போல, எங்கோ இருக்கும் ஒரு பெரிய யந்திரத்தைப் பல பங்காகத் தடுத்து, ஒவ்வொரு பங்கையும் தனி யந்திரம்போல் நடக்கவிடும் ஏற்பாடு அது. மளிகை மண்டியின் பற்று வரவும், நர்சிங் ஹோமின் நோயாளிக் குறிப்புகளும் இன்று இப்படி ஒரு வாடகைப் பங்கில்தான் குடியிருக்கின்றன.

அது ஒருநாள் காலையில் எழுந்திருக்க மறுத்தால் என்ன நடக்கிறது? சிப்பந்தி 'ரீஸ்டார்ட்' பொத்தானை அமுக்குகிறார். எழவில்லை. மறுபடி அமுக்குகிறார். முதலாளி பக்கத்தில் நின்று துரிதப்படுத்துகிறார். கடைசியில், "பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுவிடலாம்" என்ற முடிவு பிறக்கிறது. வாசற் கதவு திறக்கவில்லை என்பதற்காக, உள்ளே சாமான்கள் இருக்கும்போதே வீட்டை இடிப்பது புத்திசாலித்தனமா? எழாத சர்வரைச் செத்த சர்வர் என்று எண்ணுவதுதான் தவறுகளில் எல்லாம் பெரிய தவறு. பெரும்பாலும் உள்ளே இருக்கும் கணக்குகள் பத்திரமாகவே இருக்கின்றன.

எங்கே நின்றது?

சர்வர் ஒரே தாவலில் எழுந்துவிடுவதில்லை, படிப்படியாக எழுகிறது. எந்தப் படியில் நின்றது என்பதை 'கன்சோல்' என்ற திரை காட்டிவிடும். வாடகைக்கு விடும் கம்பெனிகள் பெரும்பாலும் இந்த வசதியைக் கொடுக்கின்றன. ஆனால் முதலில் அதைத் திறந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

லினக்ஸ் சர்வரை எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க்கே அகப்படவில்லை என்று திரை சொன்னால், டிஸ்க் சரியாக இணைக்கப்பட்டிருக்கிறதா, பூட் முறை மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றால், துவக்கி வைக்கும் புரோகிராம் தன் பைல்களைக் காணாமல் தவிக்கிறது. 'கெர்னல் பேனிக்' என்று அலறினால், சமீபத்தில் போட்ட புதிய கெர்னல் அரைகுறையாக இறங்கியிருக்கலாம். பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் எழுந்துவிடக்கூடும். 'எமர்ஜென்சி மோட்' என்று வந்தால், எப்போதோ கழற்றிவிட்ட டிஸ்க் ஒன்றின் பெயர் 'எப்எஸ்டேப்' என்ற பைலில் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும்! திரையில் 'லாகின்' என்றே வந்து நின்றால், சர்வர் எழுந்துவிட்டது. கோளாறு அதற்குப் போகும் பாதையில்தான்.

இத்தனையும் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள். பதற்றத்தில் அந்த ஐந்து நிமிஷம்தான் யாருக்கும் கிடைப்பதில்லை.

அடுத்த வீட்டார் உதவி

உள்ளே புகவே வழியில்லை என்றால்? அதற்கும் உபாயம் உண்டு. முதற் காரியமாக டிஸ்க்குக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு அந்த டிஸ்க்கை, நன்றாக ஓடும் வேறொரு சர்வரில் இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, கெட்ட பைலை நீக்கி, பழைய இடத்திலேயே மாட்டிவிடலாம். 2024-இல் கிளவுடில் விழுந்த சர்வர்களுக்கு மைக்ரோசாப்ட் சொன்ன வழிகளில் இதுவும் ஒன்று.

"அதே கம்பெனி 15 தடவை வரை ரீஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னதே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. யந்திரம் விழுவதற்கு முன் சில கணங்கள் நெட்வொர்க் கிடைக்கும். அதற்குள் திருத்திய பைல் வந்து சேர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். காரணம் தெரிந்து அமுக்குவது வைத்தியம். தெரியாமல் அமுக்குவது குருட்டாட்டம்.

சாவி எங்கே?

அன்று மற்றொரு பாடமும் கிடைத்தது. 'பிட்லாக்கர்' பூட்டுப் போட்ட டிஸ்க்குகளைத் திறக்க 48 இலக்கம் கொண்ட சாவி எண் வேண்டும். அந்த எண்களின் பட்டியலே விழுந்துகிடக்கும் சர்வருக்குள் இருந்தால் என்ன பிரயோஜனம்? பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய சாமர்த்தியம்தான் அது!

சிப்பந்தியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மாதம் தவறாமல் சர்வருக்கு வாடகை கட்டும் முதலாளி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை பார்க்க அரை நாள் ஒதுக்குகிறாரா? எடுத்து வைத்த பிரதியிலிருந்து ஒரு சர்வரை எழுப்பிப் பார்த்தால்தானே அந்தப் பிரதி உதவுமா உதவாதா என்பது தெரியும்? சினிமாக் கொட்டகையில் தீயணைக்கும் மணல் வாளியைத் தொங்கவிட்டால் போதாது. வாளியில் மணல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

யந்திரங்கள் விழத்தான் செய்யும். விழுந்ததை எழுப்புகிறவனுக்கு வேண்டியவை மூன்று: திரையைப் படிக்கும் பொறுமை, வெளியே பத்திரமாக வைத்த பிரதி, முன்பே பழகிய கை. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது சர்வருக்கும் பொருந்தும்.