மக்காத பாதிக்கு யார் பொறுப்பு?

மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொண்டால் போதும். விரலைக் குத்தாமலேயே சர்க்கரை அளவு கைப்பேசிக்கு வந்துவிடும். குளுக்கோஸ் சென்சார் நீரிழிவு நோயாளிகளுக்குத் தந்திருக்கும் நிம்மதி பெரிது. ஆனால், ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2 சென்சாரின் ஆயுள் 14 நாள்தான். ஆண்டு முழுவதும் அணிபவர் 26 சென்சார்களைக் கழற்றி எறிகிறார்; ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் கூடு, பட்டன் பேட்டரி, சர்க்யூட் போர்டு, புளூடூத் சில்லு. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்தி, 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. அவர்களில் நூறில் ஒருவர் அணிந்தாலே ஆண்டுக்கு 2.6 கோடி சென்சார்கள் குப்பைக்குப் போகும். மக்கும் பொருளில் சென்சார் செய்யும் முயற்சிகளை அதனால்தான் மனமார வரவேற்கிறோம். கூடு மக்குகிறது என்று விளம்பரம் செய்துவிட்டு, உள்ளே இருக்கும் மின்சுற்றை நிறுவனங்கள் கைகழுவ மட்டும் விடக் கூடாது.

ஆய்வகங்கள் சாதித்திருப்பது கொஞ்சமல்ல. 2012இல் ஆய்வாளர் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் பட்டுப் புரதப் படலத்தின் மேல் மெல்லிய சிலிக்கானையும் மெக்னீசியத்தையும் பதித்து, நீரில் கரையும் மின்சுற்றைச் செய்து காட்டினர். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செனான் பாவ் குழு, செல்லுலோஸ் படலமும் இரும்பு மின்முனைகளும் கொண்டு, லேசான அமிலத்தில் சிதையும் மின்சுற்றை உருவாக்கியது. ஆனால் வியர்வையிலும் குளியலிலும் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும் பொருள், கழற்றியதும் அதே ஈரத்தில் கரைய வேண்டும். இந்த முரண் எளிதில் தீராது. எனவே கடைக்கு முதலில் வரக்கூடியது, கூடும் ஒட்டும் படலமும் மட்டும் மக்குகிற சென்சார்தான். அதற்குக் கைக்கெட்டும் பொருளான பாலிலாக்டிக் அமிலம், 60 டிகிரியை ஒட்டிய வெப்பமுள்ள தொழிற்கூட உரக்கிடங்கில்தான் ஒழுங்காக மக்கும். சாதாரண மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். மக்கினாலும் ஆபத்து உண்டு. கூடு போனபின் பேட்டரியும் உலோகங்களும் நேராக மண்ணில் கலக்கும். பிறகு அவற்றைப் பொறுக்கி எடுக்க முடியாது.

ஆகவே கூட்டையும் மின்சுற்றையும் பிரித்து வடிவமைக்க வேண்டும். தோலில் படும் பகுதி மக்கட்டும். சில்லும் பேட்டரியும் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். டெக்ஸ்காம் நிறுவனத்தின் ஜி6 அப்படித்தான் இருந்தது: 10 நாள் சென்சார் தனி, அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும், மூன்று மாதம் உழைக்கும் டிரான்ஸ்மிட்டர் தனி. அடுத்து வந்த ஜி7இல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அது அறிமுகமானபோது மொத்தமும் 10 நாளில் குப்பையானது. மெட்ரானிக் நிறுவனத்தின் கார்டியன் டிரான்ஸ்மிட்டரையோ சார்ஜ் செய்து ஓராண்டு வரை பயன்படுத்தலாம். ஒரே துண்டாக இருந்தால் முதியவர்கள் மாட்டுவது எளிது, உருவமும் சிறிது என்பது நியாயமான வாதம். பார்வை மங்கியவருக்கும் விரல் நடுங்குபவருக்கும் அந்த எளிமை தேவைதான். ஆனால் அதைக் காப்பாற்றிக்கொண்டே பிரித்து வடிவமைப்பது பொறியாளர்களின் வேலை. முடியாத வேலையும் அல்ல. டிரான்ஸ்மிட்டரை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் தொற்று வரும் என்கிறார்கள். தோலுக்குள் நுழைவது மெல்லிய இழை மட்டுமே. அது ஒருமுறை மட்டும் பயன்படும் பகுதியோடு போய்விடும். விலை ஏறும் என்ற அச்சமும் வலுவற்றது: ஒரு டிரான்ஸ்மிட்டரின் செலவு பல சென்சார்களுக்குப் பகிரப்படும்.

சட்டத்திலோ பெரிய ஓட்டை இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் மருத்துவக் கருவிகளுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகின்றன. உடலுக்குள் பதிக்கப்பட்டவற்றுக்கும் தொற்றுக்குள்ளானவற்றுக்கும் மட்டும் விலக்கு. 2016இன் மருத்துவக் கழிவு விதிகள் மருத்துவமனைகளையும் ஆய்வகங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டில் கழற்றும் சென்சார் இரண்டுக்கும் நடுவே நழுவுகிறது. 2022இல் உலகில் குவிந்த 6.2 கோடி டன் மின்கழிவில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாக ஐ.நா. அறிக்கை சொல்கிறது. ஃபிரிட்ஜும் டிவியும் அடங்கிய கழிவுக்கே இந்தக் கதி என்றால், நாணய அளவு சென்சாரை யார் தேடி எடுப்பார்கள்?

பிளாஸ்டிக் கழிவு விதிகளின் 2024 திருத்தம், நுண்பிளாஸ்டிக் மிச்சம் வைக்காததையே மக்கும் பிளாஸ்டிக் என்று ஏற்கிறது. சென்சாருக்கும் அதே கண்டிப்பு வேண்டும். எந்தப் பகுதி, எந்தச் சூழலில், எத்தனை நாளில் மக்கும் என்பதை நிரூபிக்காமல் அட்டையில் அப்படி அச்சிடக் கூடாது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு உரிமம் வழங்கும்போதே பிரிக்கும் முறையையும் திரும்பப் பெறும் ஏற்பாட்டையும் கேட்க வேண்டும். புதிய சென்சார் விற்கும் மருந்துக்கடையே பழையதை வாங்கிக்கொள்ளட்டும். அந்தச் செலவு முழுவதும் உற்பத்தியாளருடையது, நோயாளியிடம் ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது.