மன்னார் வெறுங்காணி இல்லை

மன்னார் எண்டால் என்ன ஞாபகம் வரும்? கழுதை, பெருக்க மரம், பூநாரை, கருவாடு. எங்கட கம்பஸில் ஆரைக் கேட்டாலும் இந்தப் பட்டியல்தான். கொழும்பில் இருந்து திட்டம் போடுகிறவர்களின் பட்டியல் வேறு: காற்று, மணல், கரை. இரண்டிலும் ஆட்கள் இல்லை. எங்கள் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

மன்னார்த் தீவின் நீளம் முப்பது கிலோமீற்றருக்கும் குறைவு. மலை இல்லை, மேடு இல்லை. கடல் மட்டத்தில் இருந்து சில மீற்றர்தான் உயரம். கிணற்றில் கிடைக்கும் நன்னீர், மணலுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர். சுற்றிவர ஆழமில்லாத கடலும் சேற்றுத்தரையும். அந்தச் சேற்றை நம்பித்தான் ஒவ்வொரு மாரிக்கும் சைபீரியா வரையான தூரங்களில் இருந்து பறவைகள் வருகின்றன. மத்திய ஆசிய வலசைப் பாதையில் இருக்கிற இடம் இது. பக்கத்தில் இருக்கிற வங்காலை 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆழமில்லாத கடலை நம்பித்தான் சிறு மீனவரும் இருக்கினம்.

இந்தத் தீவின் தென்கரையில் ஏற்கெனவே 30 காற்றாலைகள் நிற்கின்றன. 'தம்பபவனி' 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன் பிறகு அதானி நிறுவனத்தின் திட்டம் வந்தது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகியது. ஆனாலும் வேறு காற்றாலைத் திட்டங்களும் இல்மனைற் மணல் அகழ்வுப் பேச்சும் நிற்கவில்லை. 2025 ஓகஸ்ட்டில் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

உடனே ஒரு கேள்வி வரும்: "அப்ப உங்களுக்கு பச்சை மின்சாரம் வேண்டாமோ?" வேண்டும். நிலக்கரிப் புகையை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் காற்றாலை நல்லதா கெட்டதா என்பதல்ல கேள்வி. இவ்வளவு சின்னத் தீவில் எத்தனை, எங்கே, ஆரைக் கேட்டு என்பதுதான். காற்றாலைக்குப் போட்ட வீதிகள் மழைவெள்ளம் கடலுக்கு வடிவதை மறிக்குது எண்டு ஊர்ச்சனம் சொல்லுது. பூநாரைகள் இரவிலும் இடம் மாறுகிறவை. மின்கம்பியில் மோதிச் சாகும் ஆபத்து அவற்றுக்கு உண்டு. தண்ணி தேங்குகிற வளவும் பறவை பறக்கிற பாதையும் ஒரே நிலத்தில்தான் இருக்கின்றன.

தெற்கின் விவாதத்தில் பெரும்பாலும் பறவை மட்டும் பேசப்படுகிறது. எங்கட பக்கத்து விவாதத்தில் காணி மட்டும். பறவையைக் காப்பாற்றுகிறோம் எண்டு வேலி போட்டு மீனவனை வெளியே தள்ளினாலும், அபிவிருத்தி எண்டு சேற்றுத்தரையை நிரப்பினாலும் இழப்பது ஒரே இடத்தைத்தான். 1990இல் வடக்கில் இருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும், போரில் இடம்பெயர்ந்த தமிழரும் திரும்பி வந்து ஊன்றிய மண் இது. இன்னொரு தடவை எழும்பிப் போகச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி அறிக்கை போதாது. காற்றாலை, மணல் அகழ்வு, வீதி, மின்கம்பி எல்லாவற்றையும் சேர்த்து, தீவு முழுவதற்குமான ஒரே மதிப்பீடு வேண்டும். அது தமிழில், ஊர் மண்டபத்தில், மீனவருக்கு விளங்கும்படி வாசிக்கப்பட வேண்டும். அதுவரை புதிதாக ஒரு தூணும் நடக்கூடாது.

காற்று எல்லாருக்கும் பொது, சரி. ஆனால் அந்தக் காற்று வீசுகிற இடத்தில் ஆட்கள் குடியிருக்கினம்.