றெக்கை வச்சா பறக்குமா?

சூப்பர் கார்னு பேச்செடுத்தாலே நம்ம ஆளுங்க ரெண்டு நம்பரைத்தான் நீட்டுறாங்க. ஒண்ணு, பூஜ்யத்துலேர்ந்து நூறுக்கு எத்தனை செகண்ட். இன்னொண்ணு, உச்ச வேகம். அதுக்கு மேல ஒரு வரி கேட்டா முழி பிதுங்குது. இந்த நம்பர் பஜனை மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. இன்னிக்குக் கொட்டித் தீர்த்துடறேன். திட்டுறவங்க வரிசையில வாங்க.

லம்போர்கினி கவுன்டாச்சை எடுத்துக்குங்க. போஸ்டர்ல பார்த்திருப்பீங்க: பின்னாடி பெரிய றெக்கை, அகல டயர், புடைச்சுக்கிட்டு நிக்கிற சக்கர வளைவு. ஆனா 1971-ல ஜெனிவா கண்காட்சியில மார்செல்லோ காண்டினி வடிவமைச்ச முதல் வண்டி வந்தப்பவும் சரி, 1974-ல எல்.பி.400-ஆ விற்பனைக்கு வந்தப்பவும் சரி, றெக்கையே கிடையாது. மூக்குலேர்ந்து கண்ணாடி வழியா கூரை வரைக்கும் ஒரே சரிவு, காகிதத்தை மடிச்ச மாதிரி. வால்டர் வுல்ஃப்ங்கிற கனடா பணக்காரர் தன் வண்டிக்கு பைரெல்லியோட அகல டயர், றெக்கை எல்லாம் கேட்டு வாங்கினார். அந்த ஜோடனைதான் 1978-ல எல்.பி.400 எஸ் ஆச்சு. றெக்கைக்குத் தனிக் காசு. பலன்? உச்ச வேகம் மணிக்கு 16 கி.மீ. வாக்குல குறைஞ்சுது! வேகமா தெரியறதுக்காக வேகத்தையே விட்டுக்கொடுத்த சமாச்சாரம். அதைத்தான் வேகத்தோட சின்னம்னு கும்பிட்டுக்கிட்டு இருக்கோம்.

அந்தக் காரோட நிஜமான மூளை கண்ணுக்குத் தெரியாத இடத்துல இருக்கு. முந்தின மியூராவுல வி12 எஞ்சின் குறுக்கால கிடந்தது, பெட்ரோல் டாங்க் முன்பக்கம். டாங்க் காலியாக ஆக, மூக்கு லேசாகி வேகத்துல தூக்கும். பாவ்லோ ஸ்டான்ஸானி கவுன்டாச்சுல எஞ்சினை நீளவாக்குல, பின்முன்னா திருப்பி வச்சார். கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு முன்னால, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல. அப்ப சக்தி பின்சக்கரத்துக்கு எப்படிப் போகும்? எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் சம்ப் வழியாவே ஒரு தண்டை விட்டுக் கொண்டுபோனார் மனுஷன். எடை வண்டியோட நடுவுக்கு வந்தது, கியர் கம்பி எஞ்சினைச் சுத்திப் போற தொல்லையும் ஒழிஞ்சுது. இதுக்கு எத்தனை செகண்டுன்னு மார்க் போடுவீங்க?

குறையே இல்லைன்னு சொல்ல வரலை. ரிவர்ஸ் எடுக்கணும்னா கதவைத் தூக்கிட்டு, ஓரத்துல உக்காந்து, உடம்பை வெளிய நீட்டித் திரும்பிப் பார்க்கணும். தண்ணி லாரி டிரைவர் இதைவிட சொகுசா எடுப்பார்.

"வேகமில்லாட்டி அது என்னய்யா சூப்பர் கார்?"னு கேப்பீங்க. சரி, வேகத்தையே பேசுவோம். 1987-ல வந்த ஃபெராரி எஃப்40: 478 குதிரைத்திறன், 324 கி.மீ. ஆனா அந்த நம்பர் எப்படி வந்தது? உள்ள கம்பளம் கிடையாது, கதவு திறக்க வெறும் கயிறு மாதிரி ஒரு கம்பி. எடை 1,100 கிலோ சொச்சம்தான். 2023-ல வந்த லம்போர்கினி ரெவுவெல்டோவுக்கு மூணு மின் மோட்டாரும் சேர்த்து 1,015 குதிரை. எடை, எண்ணெய் தண்ணி ஊத்தாமலே 1,772 கிலோ. நூறைத் தொட 2.5 செகண்ட். பிரமாதம்தான். ஆனா அஞ்சு பேர் உக்கார்ற டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் சத்தமே இல்லாம அதோட மல்லுக்கட்டுதே!

நம்பர்தான் எல்லாம்னா இத்தாலிக்காரங்க கடையைச் சாத்திட்டுப் போயிருக்கணும். பகானி என்ன பண்ணாங்க? 2022-ல உட்டோப்பியாவைக் கொண்டு வந்தாங்க. மின் மோட்டார் கிடையாது, வி12, கையால போடற ஏழு கியர். (எஞ்சின் ஜெர்மன் ஏ.எம்.ஜி.ன்னு முணுமுணுக்காதீங்க, தெரியும்.)

இன்னொண்ணு. ஃபெராரி எஃப்430 ரெண்டு விதமா வந்தது. ஒண்ணுல ஸ்டியரிங் பின்னால இருக்கிற துடுப்பைத் தட்டினா கியர் மாறும். இன்னொண்ணுல கிளட்ச்சை மிதிச்சு, உலோகத் தட்டுல வெட்டின பள்ளத்துக்குள்ள கம்பியை டொக்குனு தள்ளணும். துடுப்புதான் வேகம், சந்தேகமே இல்லை. ஆனா இன்னிக்குப் பழைய வண்டிச் சந்தையில கம்பி வச்சதுக்குத்தான் விலை ஜாஸ்தி. மெதுவான வண்டிக்கு எதுக்கய்யா கூடுதல் காசு? நம்பர் பார்ட்டிங்க பதில் சொல்லிட்டுப் போங்க.